பழைய மேர்க்லின் 3000: லைட் எரியுது, இரையுது, ஓடுதில்லை. என்ன சாமான் வாங்கோணும்?

கெல்லர்_ரயில் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். டோர்ட்முண்ட் பக்கம் இருக்கிறன். ரெண்டு கிழமைக்கு முதல் ஃப்ளோமார்க்டிலை (பழைய சாமான் சந்தை) ஒரு வாழைப்பழப் பெட்டி நிறைய மேர்க்லின் எண்ட ஜெர்மன் விளையாட்டு ரயில் சாமான் 40 யூரோவுக்கு வாங்கினன். தகரத் தண்டவாளம், ஆறு பெட்டி, ஒரு நீல ட்ரான்ஸ்போமர், ஒரு சின்னக் கறுப்பு எஞ்சின். எஞ்சினுக்கு மூண்டு சோடிச் சில்லு, பக்கத்திலை 89 006 எண்டு இலக்கம். தேடிப் பாத்ததிலை அது 3000 எண்ட மொடலாம். மகனுக்கு எட்டு வயசு. பெட்டியைக் கண்ட நாள் தொட்டு, பள்ளிக்கூடத்தாலை வந்து சப்பாத்தைக் கழட்ட முதல் "அப்பா, ஓடுதோ?" எண்டுதான் கேக்கிறான்.

ஓடுதில்லை. தண்டவாளத்திலை வைச்சுக் கறண்ட் குடுத்தால் முன் லைட் எரியுது, உள்ளுக்கை ஏதோ இரையுது. பிடியைப் பூச்சியத்துக்கு அங்காலை இடப்பக்கம் திருப்பினால் 'டக்' எண்டு ஒரு சத்தம் கேக்குது. அவ்வளவுதான்.

ஒரு குற்றத்தையும் ஒத்துக்கொள்ளோணும். முதல் நாள் கெல்லரிலை (நிலத்துக்குக் கீழ் அறை) கிடந்த துருநீக்கி ஸ்ப்ரேயை எடுத்து, அடிப்பக்கத்தாலை ரெண்டு தரம் அடிச்சுப் போட்டன். அடிச்ச உடன அரை வட்டம் ஓடினது! மகன் துள்ளினான். பிறகு நிண்டுட்டுது. லேசாப் புகை மணமும் வந்தது.

இங்கை ஒரு கடையிலை காட்டினன். பெட்டியை முழுசாத் திறந்துகூடப் பாக்காமல், "உதுக்குச் செலவழிக்கிறது வீண், புதுசு வாங்குங்கோ" எண்டு சொல்லிப் போட்டார். இணையத்திலை மோட்டர் சாமான் தேடினால் 60146, 601460, E601460, 60030 எண்டு ஒரே இலக்கமாக் கிடக்குது. எது எனக்கு? முழு மோட்டரையும் மாத்தோணுமோ? மாத்திறதெண்டால் பெட்டி வாங்கின காசை விடக் கூட வருது. வீட்டிலை மனிசி ஏற்கெனவே அந்த வாழைப்பழப் பெட்டியை ஒரு மாதிரித்தான் பாக்கிறா.

மணிக்கூட்டுக்காரன் எழுதியது:

தம்பி, முதல் வேலை: ஒண்டும் வாங்காதையுங்கோ. ஒரு சதத்துக்கும்.

ரெண்டாவது வேலை: அந்த ஸ்ப்ரேயை மகனுக்கு எட்டாத இடத்திலை வையுங்கோ. உங்களுக்கும் எட்டாத இடமெண்டால் இன்னும் நல்லம்.

நான் கோண்டாவில் ஸ்டேஷனுக்குக் கிட்ட வளந்தனான். யாழ்தேவி போகேக்கை வீட்டு அலுமாரியிலை தேத்தண்ணிக் கோப்பையள் கிலுங்கும். பேந்து கஸ்தூரியார் வீதியிலை ஒரு மணிக்கூட்டுக் கடையிலை ஏழு வருசம் வேலை. 85இலை இங்கை வந்தாப் பிறகு முதல் மேர்க்லினை எடுத்தது ஸ்பெர்முல்லிலைதான், தெருவிலை எறிஞ்ச கதிரை, மெத்தையளுக்கு நடுவிலை. உங்கடை இதே 3000. அதுவும் இரைஞ்சது, ஓடேல்லை. முகாமிலை இருக்கிறவனுக்குச் சாமான் வாங்கக் காசேது? கழட்டித் துடைச்சன். ஓடினது. அதுக்குப் பிறகு எத்தினை எஞ்சின் இந்த மேசையாலை போயிருக்கும், கணக்கு வைக்கேல்லை. ஆனால் ஒண்டு சொல்லுவன்: செத்துப் போன எஞ்சின் குறைவு. எண்ணெய் பிசினாகி இறுகிப் போன எஞ்சின்தான் கூட. ஜெர்மன்காரர் 'ஃபெர்ஹார்ஸ்ட்' எண்டு சொல்லுவினம். முப்பது நாப்பது வருசம் பெட்டிக்குள்ளை கிடந்த எண்ணெய் பலாப்பால் மாதிரி ஆகிவிடும். மோட்டர் திரும்பப் பாக்கும், திரும்ப ஏலாது, அதுதான் இரையுது.

லைட் எரியுதெண்டால் அடியிலை இருக்கிற கரண்டி மாதிரியான ஷ்லைஃபர் தண்டவாளத்து நடுப் புள்ளியிலை இருந்து கறண்ட் எடுக்குது. 'டக்' எண்டு கேக்குதெண்டால் திசை மாத்திற ரிலே உயிரோடை இருக்குது. அப்ப மிச்சம் மோட்டரும் பல்லுச் சில்லும்தான்.

இப்ப மேலை உள்ள கவசத்தைக் கழட்டுங்கோ. திருகாணி எங்கை இருக்கெண்டு மேர்க்லின்ரை இணையத்தளத்திலை 3000 எண்டு அடிச்சால் பிரிச்சுப் போட்ட படம் வரும், அதைப் பாத்துச் செய்யுங்கோ. கவசம் பிளாஸ்டிக் எண்டால் பெட்ரோல், அசிட்டோன் எதுவும் கிட்டக் கொண்டு போக வேண்டாம். பின்பக்கம் சாரதி நிக்கிற இடத்திலை மோட்டர், முன்பக்கம் ரிலே. ஒரு சில்லை விரலாலை மெதுவாத் திருப்பிப் பாருங்கோ. இந்த எஞ்சினிலை புழுப்பல் (திருகாணி மாதிரிச் சுருண்ட பல்லு) இல்லை, நேர்ப் பல்லுத்தான். அதாலை நல்ல எஞ்சின் எண்டால் சில்லைத் திருப்ப மோட்டரும் சேந்து திரும்பும். இறுக்கமா இருந்தால் பலவந்தம் பண்ணாதையுங்கோ. அதுதான் பிசின்.

இன்னொரு விசயம் மனசிலை வைச்சிருங்கோ: ஓடாமல் இரைஞ்சுகொண்டு நிக்கிற எஞ்சினுக்குக் கறண்டை விட்டுக்கொண்டு நிக்கக் கூடாது. மோட்டர் சுத்தாட்டில் கம்பிச் சுருள் சூடாகி மேற்பூச்சு எரியும். உங்களுக்கு வந்த மணம் அந்த மணமோ, ஸ்ப்ரே சூடான மணமோ எண்டு இங்கை இருந்து சொல்ல ஏலாது. மல்டிமீட்டர் இருக்கோ?

இருந்தால், மோட்டரின்ரை முன் தட்டைக் கழட்ட முதல் ஒரு படம் எடுங்கோ. வயர் எது எங்கை எண்டு. (நான் படம் எடுக்காத காலத்திலை சிகரெட் பெட்டி மட்டையிலை கீறி வைப்பன். இப்பவும் அந்த மட்டையள் கிடக்குது.) தட்டுக்கு வெளியாலை ரெண்டு வளைஞ்ச கம்பி ஸ்பிரிங் ரெண்டு பிரஷ்ஷை (சுத்திற பகுதிக்குக் கறண்ட் குடுக்கிற துண்டு) அமத்திக்கொண்டு நிக்கும். ஸ்பிரிங்கைச் சாவணத்தாலை தூக்கிப் பக்கத்திலை விட்டுட்டு, பிரஷ் ரெண்டையும் வெளியிலை எடுங்கோ. மேசைக்கு மேலை வெள்ளைத் துவாய் ஒண்டு விரிச்சிட்டுச் செய்யுங்கோ. அந்த ஸ்பிரிங் ஒண்டு பறந்தால் நிலத்திலை முழங்காலிலை ஒரு பின்னேரம் போகும்.

பிரஷ் ரெண்டும் ஒரே மாதிரி இராது, பயப்பிடாதையுங்கோ. ஒண்டு கரி, மற்றது செப்புக் கம்பி வலையைச் சுருட்டினது. தட்டைக் கொம்யூட்டேட்டர் (பிரஷ் தொட்டுக்கொண்டு நிக்கிற, சுத்திற செப்புத் தட்டு) உள்ள மோட்டருக்கு அப்பிடித்தான். உங்கடை இலக்கக் குழப்பத்துக்கும் மறுமொழி இதுதான். 60030 எண்டது இந்தத் தட்டை மோட்டருக்குரிய சோடி. 60146 எண்டது உருளைக் கொம்யூட்டேட்டர் உள்ள பிந்தின மோட்டருக்கு, அதிலை ரெண்டும் கரி. பழைய தாளிலை ஐஞ்சு இலக்கம், பிறகு கடைசியிலை ஒரு பூச்சியம் சேத்தினம், இப்ப முன்னுக்கு ஒரு E போடினம். 60146, 601460, E601460 மூண்டும் ஒரே சாமான். மோட்டர் தட்டையோ உருளையோ எண்டு கண்ணாலை பாத்த பிறகுதான் பிரஷ் வாங்கிறது. எஞ்சின் இலக்கத்தை மட்டும் நம்பி வாங்கினவை கனபேர், அதிலை நானும் ஒராள்.

துடைச்சிட்டு எழுதுங்கோ. ஐசோப்ரோப்பனோல், காது துடைக்கிற பஞ்சு, பல்லுக்குத்திற குச்சி. இவ்வளவும் போதும்.

லூயிஷம்_தண்டவாளம் எழுதியது:

அண்ணை சொல்லுறது சரி. நான் லண்டன், என்னட்டை எல்லாம் ட்ரை-ஆங்க், ஹோன்பி எண்ட இங்கிலாந்து விளையாட்டு ரயில்தான். மார்கேட்டிலை செய்த X04 மோட்டர். அது வேறை சாதி: 12 வோல்ட் டிசி, நிரந்தரக் காந்தம், புழுப்பல். ஆனால் வருத்தம் ஒண்டுதான், பிசின். எங்கடையிலை மேலதிகமா ஒரு பொறி இருக்குது. துடைக்கிற ஆசையிலை காந்தத்தைக் கழட்டி மேசையிலை வைச்சிட்டால், திரும்பப் போடேக்கை அதின்ரை பலம் குறைஞ்சிடும். பேந்து எஞ்சின் ஓடும், ஆனால் கறண்டைக் குடிக்கும், சூடாகும், பெட்டி இழுக்காது. நான் முதல் ரெண்டு மோட்டரையும் இப்பிடித்தான் கெடுத்தனான். இப்ப சின்ன நியோடிமியம் காந்தம் வாங்கிப் போடுறம். ரெண்டு பிரஷ்ஷையும் அமத்திற ஸ்பிரிங்கிலை ஒரு பக்கத்துக்கு மட்டும் ஒரு சின்ன உறை இருக்கும், அது துலைஞ்சால் நேரா ஷோட் ஆகும். அந்த உறைக்கு நான் பழைய வயரின்ரை தோலை உரிச்சுப் போடுறன், ஒரு குறையும் இல்லை.

கேள்வி: மேர்க்லினிலையும் காந்தத்துக்குப் பயப்பிடோணுமோ?

மணிக்கூட்டுக்காரன் எழுதியது:

இல்லை ராசா, பழைய மேர்க்லினிலை நிரந்தரக் காந்தமே இல்லை. கம்பிச் சுருளாலைதான் காந்தம். அதாலைதான் ஏசியிலை ஓடுது. அந்தச் சுருளிலை எதிரெதிராச் சுத்தின ரெண்டு பாதி இருக்கு. ரிலே ஒருக்கா 'டக்' எண்டால் ஒரு பாதி, மற்றமுறை மற்றப் பாதி. திசை மாறுறது அப்பிடி. உங்கடை டிசிப் பெட்டியிலை கொழுவினாலும் அது ஓடும், ஆனால் ப்ளஸ் மைனஸை எப்பிடி மாத்தினாலும் ஒரே பக்கம்தான் ஓடும். மறுவளமா உங்கடை X04ஐக் கொண்டுவந்து எங்கடை ஏசியிலை வைச்சால் நடுங்கிக்கொண்டு நிண்டு எரியும். ரெண்டு வீட்டுப் பிள்ளையளையும் மாறி விளையாட விட வேண்டாம்.

கெல்லர்_ரயில் எழுதியது:

அண்ணை, நேற்று இரவு பதினொரு மணி மட்டும் இருந்தன். சொன்ன மாதிரித் துவாய் விரிச்சன். ஸ்பிரிங் ஒண்டு பறந்தது, ஆனால் துவாயிலைதான் விழுந்தது. காலிலை விழோணும் போல இருந்தது உங்களுக்கு.

தட்டை மோட்டர்தான். பிரஷ் ஒண்டு கரி, மற்றது செப்பு வலை. செப்பு வலை கறுத்துக் களி மாதிரிக் கிடந்தது. கொம்யூட்டேட்டர் எண்டு நீங்கள் சொல்லுற வட்டத் தட்டு செப்பு நிறமே இல்லை, அடுப்புக் கரி. பின் சில்லு அச்சிலை முடி சுத்தியிருந்தது. நீளமான முடி, பழைய வீட்டுக்காரற்றை கம்பளமோ மகளோ தெரியேல்லை. சாவணத்தாலை இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. பல்லுச் சில்லுகளுக்கு நடுவிலை மஞ்சள் மெழுகு மாதிரி ஒரு சாமான், நகத்தாலை சுரண்டினால் தூளாகுது.

மீட்டர் வைச்சுப் பாத்தன். கொம்யூட்டேட்டரிலை மூண்டு துண்டு இருக்குது. ஒண்டுக்கும் ரெண்டுக்கும், ரெண்டுக்கும் மூண்டுக்கும், மூண்டுக்கும் ஒண்டுக்கும். ரெண்டு இடத்திலை ஒரே அளவு, ஒரு இடத்திலை கிட்டத்தட்ட ஒண்டுமில்லை. எரிஞ்சு போச்சோ?

மணிக்கூட்டுக்காரன் எழுதியது:

முடி வந்த கதையைக் கேக்கச் சந்தோசம். அது ஒவ்வொரு பழைய எஞ்சினிலையும் வரும்.

எரிஞ்சு போச்செண்டு இன்னும் சொல்ல வேண்டாம். அந்த மூண்டு துண்டுக்கும் நடுவிலை மெல்லிய பிளவு இருக்குப் பாருங்கோ, வெத்திலை நரம்பளவுக்கு. உங்கடை ஸ்ப்ரே எண்ணெயும் கரித்தூளும் சேந்து குழம்பாகி அந்தப் பிளவை நிரப்பியிருக்கும். கரி கறண்டைக் கடத்தும். அப்ப ஒரு துண்டிலை இருந்து மற்றதுக்குக் கறண்ட் குறுக்காலை போகும், சுருளுக்குள்ளாலை போகாது. மீட்டர் 'ஒண்டுமில்லை' எண்டு காட்டிறதுக்கு அதுவே காணும். அரை வட்டம் ஓடி நிண்டதுக்கும் அதுதான் காரணம்: ஸ்ப்ரே பிசினை இளக்கினது, எஞ்சின் ஓடினது, அதே எண்ணெய் கரியைக் கரைச்சுப் பிளவுக்குள்ளை தள்ளினது.

இப்ப மரக்குச்சியைக் கூராக்கி அந்தப் பிளவை இழுத்துத் துப்பரவாக்குங்கோ. ஊசி வேண்டாம், செப்பைக் கீறும். பிளவு முடிஞ்சாப் பிறகு முகத்தைக் கண்ணாடி நார்ப் பேனாவாலை, அது இல்லாட்டில் பள்ளிக்கூடத்துப் பிள்ளையள் மை அழிக்கிற கரடு அழிறப்பராலை மெதுவாத் தேயுங்கோ. உப்புத்தாள் கூடாது, கோடு விழும், பிரஷ்ஷைத் தின்னும். கண்ணாடி நார் பாவிச்சால் விரலைக் கவனியுங்கோ, மூண்டு நாளைக்குக் குத்திக்கொண்டு இருக்கும். பிறகு ஐசோப்ரோப்பனோலாலை துடைச்சு, காய விட்டு, திரும்ப அளவுங்கோ. மீட்டரிலை என்ன எண் வருது எண்டது எனக்குத் தேவையில்லை. மூண்டும் ஒண்டா இருக்கோணும். அதே போல நிலையா நிக்கிற சுருளின்ரை ரெண்டு பாதியும் கிட்டத்தட்ட ஒண்டா இருக்கோணும்.

செப்பு வலைப் பிரஷ்ஷைக் கழுவிப் பாக்கலாம், ஆனால் எண்ணெய் குடிச்ச பிரஷ்ஷை நான் வைச்சிருக்கிறேல்லை. 60030 ஒரு சோடி வாங்குங்கோ. இதுதான் நான் உங்களை வாங்கச் சொல்லுற முதல் சாமான். முகாமிலை இருக்கேக்கை பழைய ரோச் பற்றறியை உடைச்சு, நடுவிலை இருக்கிற கரிக்குச்சியை அரத்தாலை ராவிப் பிரஷ் செய்து போட்டனான். ஓடினது. கறுப்புத் தூள் கொட்டிக் கொட்டி, மாசத்துக்கு ரெண்டு தரம் கழட்ட வேண்டியதாப் போச்சு. அந்தக் கெட்டித்தனத்தைச் சொல்லிப் பெருமைப்படலாம், உங்களுக்குச் செய்யச் சொல்லமாட்டன்.

எண்ணெய்: மேர்க்லின்ரை 7149 ஊசிக்குப்பி நல்லது. அச்சுக்கு ஒரு துளி. துளி எண்டால் ஊசி முனையிலை தொங்கிற அளவு. அதைக் குச்சியாலை எடுத்து வைக்கிறது இன்னும் நல்லம். மணிக்கூட்டுக்குப் போடுற மாதிரி. கொம்யூட்டேட்டர்ப் பக்கத்து அச்சுக்கு அதிலும் பாதி.

பீலமேடு_பாபு எழுதியது:

வணக்கம் சார். கோயம்புத்தூர்ல இருந்து எழுதறேன், நடுவுல நுழையறதுக்கு மன்னிக்கணும். எங்க மாமா எழுபதுகள்ல மேற்கு ஜெர்மனியில டிரெய்னிங் போனப்ப வாங்கிட்டு வந்த மேர்க்லின் செட் எங்க வீட்டு பரண்ல இருக்கு. அதே நீல டிரான்ஸ்ஃபார்மர்தான். இங்க 230 வோல்ட். அதையே மாட்டி ஓட்டலாமா? ஒயர் தோல் தொட்டா உதிருது சார். உதிரி பாகம் இந்தியாவுக்கு வரவழைக்கறதுலயும் ஏதாவது யோசனை சொன்னீங்கன்னா நல்லது.

மணிக்கூட்டுக்காரன் எழுதியது:

பாபு தம்பி, தொட்டால் உதிருதெண்டு நீங்களே சொல்லிப் போட்டியள். சுவரிலை கொழுவாதையுங்கோ. கெல்லர்_ரயில் தம்பி, இது உங்களுக்கும்தான். எட்டு வயசுப் பிள்ளை இருக்கிற வீட்டிலை அந்த நீலப் பெட்டி அலுமாரிக்கு மேலை அழகுக்கு இருக்கட்டும்.

தோல் ஒரு காரணம். மற்றது, அது 220 வோல்ட்டுக்குச் சுத்தின பெட்டி. இங்கையும் 87க்குப் பிறகு மெல்ல மெல்ல 230 ஆக்கிப் போட்டினம். உள்ளுக்கு வாறது கூடினால் வெளியிலை போறதும் அதே கணக்கிலை கூடும். பிடியை இடப்பக்கம் திருப்பேக்கை 24 வோல்ட் எண்டு அடிக்கிற திசைமாத்து அடி 25ஐத் தாண்டும், சுமை இல்லாத நேரம் இன்னும் கூட. பழைய எஞ்சின் அதைத் தாங்கும். டிகோடர் (டிஜிட்டல் கட்டளையைக் கேட்டு மோட்டரை ஓட்டுற சின்ன மின்னணுத் தட்டு) போட்ட எஞ்சின் அந்த ஒரு அடியிலை போய்ச் சேரும். 230க்கெண்டு செய்த 6647 இலக்கப் பெட்டி பழசாக் கிடைக்கும், 32 விஏ. அனலொக்கா, டிகோடர் இல்லாமல் ஓட்டுறதுக்கு அது காணும்.

சாமான் வரவழைக்கிறதுக்கு: ஒவ்வொண்டாக் கேக்காதையுங்கோ, தபால் செலவு சாமானை விழுங்கிப்போடும். எஞ்சின் எல்லாத்தையும் முதல் துடைச்சு, எதெது உண்மையிலேயே வேணும் எண்டு ஒரு துண்டிலை எழுதி, ஆராவது ஜெர்மனியாலை வரேக்கை ஒரு கடித உறையிலை கொண்டுவரச் சொல்லுங்கோ. பிரஷ், டயர், பல்ப், ஷ்லைஃபர் எல்லாம் சேந்தாலும் ஒரு உறை பாரம்தான். மாமா எந்தெந்த எஞ்சின் வாங்கினவர் எண்டு அடியிலை பாத்து எழுதுங்கோ.

பூல்யன்_80 எழுதியது:

அண்ணா, ஏன் இவ்வளவு கஷ்டம்? ரிலேயைத் தூக்கி எறிஞ்சிட்டு ஒரு டிகோடர், நிரந்தரக் காந்தம், ஐந்து துருவ ஆர்மேச்சர் (மோட்டருக்குள்ளை சுத்திற சுருள்) போட்டால் எஞ்சின் ஊர்ந்து போகும், லைட் மினுங்காது, போனிலை ஓட்டலாம். மூண்டு துருவத்தோடை இந்தக் காலத்திலை ஏன் மாரடிக்கிறியள்?

மணிக்கூட்டுக்காரன் எழுதியது:

ஊர்ந்து போகும், உண்மை. ஆனால் அந்தச் செலவிலை தம்பி இன்னும் ரெண்டு மூண்டு வாழைப்பழப் பெட்டி வாங்கலாம். அவற்றை மகனுக்கு இப்ப தேவை, கறண்ட் குடுக்க ஓடுற எஞ்சின். பிறகு விருப்பமெண்டால் மாத்தட்டும். கழட்டின ரிலேயை எறியாதையுங்கோ எண்டு மட்டும் சொல்லுவன், எனக்கு அனுப்புங்கோ. டிஜிட்டலுக்கு மாறினவை எறிஞ்சதை வைச்சுத்தான் நான் பாதி எஞ்சின் திருத்தினனான்.

உந்த 89 வகுப்பைப் பற்றி ஒரு புதினம். உண்மையான எஞ்சின் முப்பதுகளிலை வெறும் 10தான் செய்தவை. மேர்க்லின் அதை ஒவ்வொரு தொடக்கப் பெட்டிக்குள்ளையும் போட்டு வித்ததாலை, இண்டைக்கு எந்த பொர்ஸிலை (விளையாட்டு ரயில் வாங்கி விக்கிற சந்தை) போனாலும் மேசைக்கு மேசை நிக்கும். உங்களுக்கு அதுதான் லாபம். உடைஞ்ச கவசம், கொழுக்கி இல்லாத எஞ்சின் எண்டு மலிவாக் கிடக்கும். உதிரியா மோட்டர் தட்டு, ரிலே, பல்லு எல்லாம் வாங்கிறதை விட, ஒரு செத்த 3000ஐ முழுசா வாங்கி உள்ளுறுப்பு எடுக்கிறது சுகம். வாங்கேக்கை மோட்டர் சுருளை மணந்து பாருங்கோ. சிரிக்காதையுங்கோ, உண்மையாத்தான். எரிஞ்ச சுருள் மணம் பத்து வருசத்துக்கும் போகாது.

போருக்கு முந்தின எஞ்சினை மட்டும் வெளிச்சத்திலை பிடிச்சுப் பாக்காமல் வாங்க வேண்டாம். ஒருக்கா நான் நல்ல விலை எண்டு ஒண்டு வாங்கினன். வித்தவர் ஒண்டும் சொல்லேல்லை, நானும் கண்ணாடி போடேல்லை. வீட்டை வந்து பாத்தால் அடிச்சட்டம் வீங்கி நடுவிலை வளைஞ்சு, பக்கத்திலை காய்ஞ்ச குளத்து மண் மாதிரி வெடிப்பு. நாகக் கலவையிலை ஈயமோ தகரமோ துளி கலந்தாலும் உள்ளுக்குள்ளையே அரிச்சுக்கொண்டு போகும், ட்சிங்க்பெஸ்ட் எண்டு சொல்லுறது. மருந்தில்லை. பக்கத்து எஞ்சினுக்குத் தொத்தும் எண்டு சிலர் பயப்பிடுத்துவினம், அது பொய். சில்லையும் விளக்கையும் கழட்டி எடுத்திட்டு மிச்சத்தை ஒரு தீப்பெட்டிக்குள்ளை வைச்சிருக்கிறன். பாக்கிற நேரமெல்லாம் கண்ணாடியைத் தேடிப் போடுவன்.

கெல்லர்_ரயில் எழுதியது:

அண்ணை!!! ஓடுது!!!

பிளவைக் குச்சியாலை இழுக்க இழுக்கக் கறுப்பு நூல் மாதிரி வந்தது. திரும்ப அளந்தால் மூண்டும் ஒண்டு. புதுப் பிரஷ் வெள்ளிக்கிழமை வந்தது. போட்டுக் கறண்ட் குடுத்தன். முதல் சுத்து நொண்டி நொண்டிப் போனது, ரெண்டாவது சுத்து கொஞ்சம், நாலாவது சுத்திலை சத்தமே மாறிப் போச்சு. மகன் கீழை படுத்து, கண்ணைத் தண்டவாளத்துக்கு நேர வைச்சுக்கொண்டு அரை மணித்தியாலம் எழும்பேல்லை. மனிசியும் தேத்தண்ணியோடை கெல்லருக்கு வந்து நிண்டா. (நீலப் பெட்டி அலுமாரிக்கு மேலை போட்டுது, 6647 ஒண்டு இரவல் வாங்கினன்.)

ஆனால் ரெண்டு பிரச்சினை. ஒண்டு, மூண்டு பெட்டிக்கு மேலை கொழுவினால் சில்லு நிண்ட இடத்திலை சுத்துது, இழுக்குதில்லை. ரெண்டு, வேகமா ஓடேக்கை தான் நினைச்ச நேரம் 'டக்' எண்டு பின்னுக்குப் போகுது. மகன் அதுக்குப் பேர் வைச்சிட்டான், "கோவக்கார எஞ்சின்". மூண்டாம் பெட்டி கவிண்டு போச்சு.

மணிக்கூட்டுக்காரன் எழுதியது:

நல்ல பேர், மாத்த வேண்டாம்.

இழுக்காதது டயர். சில்லிலை ஒரு பள்ளத்துக்குள்ளை கறுப்பு றப்பர் வளையம் இருக்கும், ஹாஃப்ட்ரைஃபன். நகத்தாலை தொட்டுப் பாருங்கோ. பளபளத்துக் கண்ணாடி மாதிரி இருந்தால் செத்தது, துண்டாயே விழுந்திருந்தாலும் விழுந்திருக்கும். 7152, 7153, 7154 எண்டு சில்லு விட்டத்துக்கு ஏற்ற மாதிரி இலக்கம் போகும். பிரிச்ச படத்திலை உங்கடை எஞ்சினுக்கு எது எண்டு இருக்கும், அதை வாங்குங்கோ. போட முதல் பள்ளத்தைக் குச்சியாலை துப்பரவாக்குங்கோ, பழைய றப்பர் தூள் இருந்தால் புதுசு மேடு பள்ளமா நிண்டு எஞ்சின் தள்ளாடும். ஒரு பக்கத்தைப் பள்ளத்திலை கொழுவி, மற்றப் பக்கத்தை மழுங்கின குச்சியாலை ஏத்துங்கோ. முறுகாமல் இருக்கோணும். டயருக்கு எண்ணெய் படக் கூடாது. ஆரைச் சொல்லுறன் எண்டு தெரியுந்தானே.

கோவம் ரிலேயிலை. ரிலே நாக்கை ஒரு சின்ன ஸ்பிரிங் பிடிச்சு வைச்சிருக்கும். 16 வோல்ட் வரைக்கும் அது விடாமல் பிடிக்கோணும், 24 வந்தால் விடோணும். உங்கடை ஸ்பிரிங் வயசாகித் தளந்து போச்சு, முழு வேகத்திலையே விடுது. ஸ்பிரிங் கொழுவியிருக்கிற சின்னத் தகடு ஒண்டு இருக்கும். அதைக் குறடாலை ஒரு முடியளவு பின்னுக்கு வளையுங்கோ. ஒரு முடியளவுதான். ஓட்டிப் பாருங்கோ. பின்னையும் துள்ளினால் இன்னொரு முடி. கூட வளைச்சால் பிறகு 24 குடுத்தாலும் மாறாது, லைட் பளிச்செண்டு எரிஞ்சுகொண்டு அதே பக்கம்தான் போகும். அப்ப திரும்ப முன்னுக்கு. கனதரம் வளைச்சால் தகடு முறியும், அதாலை ரெண்டு மூண்டு தரத்துக்குள்ளை பிடிக்கப் பாருங்கோ. ரிலே முனையளையும் ஒரு துண்டுக் கடுதாசியை ஐசோப்ரோப்பனோலிலை நனைச்சு நடுவிலை விட்டு இழுத்து விடுங்கோ, கறுப்பு வரும்.

கெல்லர்_ரயில் எழுதியது:

ரெண்டு முடி வளைச்சன் அண்ணை. கோவம் போட்டுது. மகனுக்குக் கொஞ்சம் கவலை, "இப்ப அது சும்மா எஞ்சின்" எண்டு சொல்லுறான். டயர் ஓடர் பண்ணியாச்சு.

பெட்டியின்ரை அடியிலை பேப்பருக்குள்ளை சுத்தி இன்னொரு எஞ்சின் கிடந்தது, இண்டைக்குத்தான் கண்டன். பச்சை நிறம், நீளம், மேலை கம்பி தொடுற கை ரெண்டு. சில்லு கொஞ்சமும் அசையுதில்லை.

மணிக்கூட்டுக்காரன் எழுதியது:

அடிப்பக்கம், பக்கம், மேல் எண்டு மூண்டு படம் போடுங்கோ, வெளிச்சத்திலை எடுத்து. அதுவரைக்கும் கறண்டும் வேண்டாம், ஸ்ப்ரேயும் வேண்டாம்.